பக்கம் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே

அத்தியாயம் 6

"அலி சார் இருக்காரா?"

தொலைபேசியில் ஒரு பெண் குரல். ஜலஜா எதிர் மேஜையைப் பார்த்தாள். மெஹபூப் அலி அங்கேதான் இருந்தான். செய்தித்தாளில் வடையை வைத்து அழுத்தி எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தான்.

"இல்லை. வெளியில போயிருக்கார்" என்றாள். வைத்தாள்.

"யாரு மேடம்?"

"ராங் நம்பர்."

வாசல் பலகையில் 'ஜலஜா துப்பறியும் நிலையம்' என்றுதான் எழுதியிருந்தது. கச்சேரி ரோடு, மருந்துக் கடைக்கு மேல் மாடி. போன மாதம் மந்தைவெளி நகைத் திருட்டில் திருடனைக் கண்டுபிடித்தது அவள். அதைப் போலீஸ்காரர்களிடம் அவர்கள் வயிறு வலிக்கச் சிரிக்கும்படி சொன்னது அலி. அன்றிலிருந்து ஊர் அலியைக் கேட்கிறது. வருகிறவர்களிடம் அவளும், "அலி இல்லேன்னா நான் இல்லை, தங்கமான பிள்ளை" என்று வாய் நிறையச் சொல்வாள். சொல்லி முடித்ததும் நாக்கு கசக்கும்.

"நேத்து வந்த ஷண்முகப்ரியா விஷயம் என்ன ஆச்சு?"

"புடவ கீது மேடம். ஆனா கண்ல மாட்ட மாட்டேங்குது."

"இருக்கு, இல்லை. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"ரெண்டும்தான்."

ஷண்முகப்ரியா தி.நகர் கணேசமூர்த்தி பட்டு மாளிகையின் மருமகள். புடவைக்கு டிசைன் போடுவாள். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு புது டிசைன், எட்டே புடவை. கடையில் வைப்பதில்லை, வெப்சைட்டில் மட்டும். அது மாமனார் போட்ட விதி. "கடையில வச்சா என் பேருக்கு விக்கும் தாயி. அதுல உன் பேருக்கு வித்துக் காட்டு" என்றார்.

சித்திரையில் வெப்சைட் தொடங்கியதிலிருந்து அவள் டிசைன் விற்கவில்லை. ஆனியில் ஒரே ஒரு வாரம் எட்டும் போயிற்று. அந்த வாரம் வீட்டில் ஆஸ்பத்திரி அலைச்சல், தான் வெப்சைட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தாள். அந்தத் தெம்பில், அடையாறு எல்.பி. ரோட்டில் கட்டிக்கொண்டிருக்கும் புதுக் கடையைத் தன்னிடம் விடும்படி கேட்டாள். ஆடி முடிவதற்குள் இன்னும் ஒரு டிசைன் முழுதாக விற்கட்டும், சாவி உனக்கு என்றார் மாமனார். விற்காவிட்டால் ஒரு செல்போன் கம்பெனிக்கு வாடகைக்கு விடப்போகிறார். நாளை ஆடியின் கடைசி வெள்ளி.

அவள் சந்தேகம் நாத்தனார் மேல். சுந்தரவல்லி. வெப்சைட்டில் புடவைகளை ஏற்றுவதும் அடுக்குவதும் சுந்தரவல்லியின் வேலை. "காலையில இருக்கு மேடம். மத்தியானம் பார்த்தா காணோம். கேட்டா, இருக்கே மதினி, லிங்க்கைத் திறந்து பாருங்கங்கறா. திறந்தா இருக்கு."

அலி வடையை விட்டு எழுந்து வந்தான். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை நீட்டினான்.

"பாருங்க. லிங்க்க தட்டுனா, இந்தா, மாம்பழ மஞ்சள். பேரப் போட்டுத் தேடுனாலும் வருது. ஆனா சும்மா வேடிக்க பாக்க வர்றவன் இன்னா பண்ணுவான்? ஒண்ணாம் பக்கம் பாப்பான், ரெண்டாம் பக்கம் பாப்பான். நான் கடேசிப் பக்கம் வரிக்கும் போய்ட்டு வந்துக்கீறேன். எங்கியும் இல்ல."

"நன்னாப் பார்த்தியா?"

"எங்க ஊட்ல பாத்துட்டு, அவளுக்குப் புடவ வாங்கித் தர்றதுக்குத்தான் பாக்குறேன்னு நெனச்சுக்கினு பொண்டாட்டி டீ போட்டுக் குடுத்தா மேடம். அவ்ளோ நல்லாப் பாத்தேன்."

ஜலஜாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். செருப்பைத் தேடினாள்.

"வெப்சைட் பண்ணின பையன் யாரு?"

"சுஹாஸ். தெற்கு மாட வீதி. உங்க ஆளுங்கதான்."

"ஆட்டோ கூப்பிடு."

"நடந்தா அஞ்சு நிமிசம்."

"அப்ப நட."

*

சுஹாஸ் கதவைத் திறந்தான். அரை நிஜார், நெற்றியில் கீற்றாக விபூதி. "வாங்கோ மாமி. காபி சாப்பிடறேளா? ஆத்துல யாரும் இல்லை, நான் போட்டாத் தேவலையான்னு பாருங்கோ." அலியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். "நீங்க அலி சார்தானே? மந்தைவெளிக் கதையை என் ஃப்ரெண்ட் சொன்னான்!"

"காபி வேண்டாம்" என்றாள் ஜலஜா.

விஷயத்தைச் சொன்னாள். சுஹாஸ் லேப்டாப்பைத் திறந்தான். மாம்பழ மஞ்சளைத் தேடினான். இருந்தது. பக்கங்களைத் திருப்பினான். இல்லை. தலையைச் சொறிந்தான்.

"முதல் பக்கத்துல இது என்ன?" ஜலஜா விரலை வைத்தாள். புடவைப் படங்கள் வரிசையாகக் கட்டம் கட்டி இருந்தன. முதல் கட்டத்தில் புடவை இல்லை. எலியோடு ஒரு பிள்ளையார்.

"அது கணேசமூர்த்தி சார் ஆர்டர் மாமி. கடை ஷட்டரைத் தூக்கினா முதல்ல பிள்ளையார், வெப்சைட்டைத் திறந்தாலும் முதல்ல பிள்ளையார். மேலே பேனர்ல போடறேன்னேன். 'மேலன்னா சீலிங்ல மாட்டின மாதிரில்லா இருக்கும். சேலையோட சேலையா உக்காரணும்'னுட்டார்."

"எல்லாப் பக்கத்துலயுமா?"

"முதல் பக்கத்துல மட்டும். ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு கட்டம். ஒண்ணைப் பிள்ளையார் எடுத்துண்டுட்டார். அதனால முதல் பக்கத்துக்குப் பதினோரு புடவை மட்டும் கொண்டுவான்னு கோடுல ஒரு வரி சேர்த்தேன்."

"ரெண்டாம் பக்கத்துக்கு?"

"அதுக்கு ஒண்ணும் எழுதலை. சிஸ்டமே பார்த்துக்கும். பக்கத்துக்குப் பன்னிரண்டுன்னு அதுக்குத் தெரியும். ரெண்டாம் பக்கம்னா முதல் பன்னிரண்டைத் தாண்டிட்டு, பதிமூணாவதுலேர்ந்து..."

அவன் வாய் அப்படியே நின்றது.

அலி நாற்காலி நுனிக்கு வந்தான். "இருப்பா, இருப்பா. நான் எத்தினி கல்யாணப் பந்தியில ஒக்காந்துக்கீறேன். பன்னெண்டு எலை போடுறாங்க. மொத எலை பிள்ளையாருக்கு. அப்ப சாப்பிட ஒக்காந்தது பதினோரு பேரு. பந்தி முடிஞ்சுது. அடுத்த பந்திக்குக் கூப்பிடுறவன் இன்னா பண்றான்? பன்னெண்டு எலை போட்டோம், பன்னெண்டு பேரு சாப்பிட்டாச்சுன்னு நெனச்சுக்கினு பதிமூணாவது ஆளக் கூப்பிடுறான். பன்னெண்டாவது ஆளு?"

"பட்டினி" என்றான் சுஹாஸ்.

"மொதப் பந்தியிலயும் இல்ல, ரெண்டாம் பந்தியிலயும் இல்ல. ஆனா மண்டபத்துல கீறான். பேரச் சொல்லிக் கூப்பிட்டா வருவான். அத்தாம்பா இந்தப் புடவ."

சுஹாஸ் அவனை வாய் பிளந்து பார்த்தான். ஜலஜாவும் பார்த்தாள். அவளுக்கும் அது தெரிந்துவிட்டிருந்தது. அலி வாயைத் திறப்பதற்கு ஒரு கணம் முன்னால்தான் தெரிந்தது. அதை இப்போது சொல்லிப் பயனில்லை.

"என் தப்புதான் மாமி. ரெண்டே நிமிஷம். ரெண்டாம் பக்கத்தை ஒரு புடவை முன்னாடி ஆரம்பின்னு சொன்னாப் போறும். குழி மூடிடும்."

"கையை எடு" என்றாள் ஜலஜா.

எடுத்தான்.

"புதுப் புடவை தினம் ஏறறதோல்லியோ?"

"தினம் ஏறும். புதுசு மேலே வரும், பழசெல்லாம் கீழே நகரும்."

"அப்ப அந்தக் குழியில தினம் வேற வேற புடவைன்னா விழணும். ஏன் எப்பவும் ப்ரியாவோடதே விழறது?"

சுஹாஸ் அலியைப் பார்த்தான்.

"விழலை. யாரோ தினம் தூக்கிண்டு போய்ப் போடறா. இடம் மாத்த முடியுமா?"

"விரலால இழுத்து விட்டாப் போறும். ஒரு குழந்தைகூடப் பண்ணும்."

"யார் பண்ணினான்னு தெரியுமா?"

சுஹாஸ் பார்த்தான். "கடைசியா மாத்தினவா பேர் மட்டும் இருக்கும். சுந்தரவல்லி. ஆனா அடுக்கறதே அவா வேலைதானே. இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"சொல்ல வைக்கலாம். குழியை மூடாதே. நகர்த்து."

"எப்படி?"

"பக்கத்துக்குப் பன்னிரண்டைப் பதினஞ்சாக்கு. பிள்ளையார் அங்கேயே இருக்கட்டும். குழி எங்கே போகும்?"

அவன் விரல் விட்டு எண்ணினான். "பதினஞ்சாவது புடவைக்கு."

"நாளைக்கு ப்ரியாவோட புது டிசைன் ஏறும். குழி இருக்கறது தெரியாதவா அதை எங்கே வேணா வைப்பா. தெரிஞ்சவா பழைய இடத்துல கொண்டு வெச்சுட்டு ஒரு தடவை பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பா. அங்கே புடவை பளிச்சுன்னு தெரியும். எண்ணிப் பார்த்து, குழி போன இடத்துக்குப் புடவையைத் தூக்கிண்டு ஓடுவா. ஓடற கை யாரோடதுன்னு பார்ப்போம்."

அலி விசில் அடித்தான். "நானும் அத்தான் மேடம் நெனச்சேன்."

ஜலஜா செருப்பை மாட்டிக்கொண்டு அவனுக்கு முன்னால் படியிறங்கினாள்.

*

வெள்ளிக்கிழமை பனகல் பார்க் பக்கம் நடக்க இடமில்லை. கடை வாசலில் கண்ணாடிக் கதவுக்குள், கல்லாவில், வெள்ளைச் சட்டையும் புதுக் கண்ணாடியுமாக கணேசமூர்த்தி உட்கார்ந்திருந்தார். வருகிற ஒவ்வொருவருக்கும் எழுந்து கை கூப்பினார். ஜலஜாவுக்கும் கூப்பினார். கல்லாவில் சின்ன ஸ்டாண்டில் ஒரு தொடுதிரை டேப் நின்றது. அதிலிருந்து முருகன் பாட்டு மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்கம்மா. காஞ்சிபுரமா, ஆரணியா?"

"உங்க மருமகள் டிசைன்னு கேள்விப்பட்டேன்."

"அது வெப்சைட்ல மட்டும்தாம்மா." அவர் முகம் விரிந்தது. "அவ தொட்டதெல்லாம் தங்கம்லா. எங்க கடைக்கு லெச்சுமி. அவ இல்லேன்னா நாங்க இல்ல, பாத்துக்கிடுங்க."

ஜலஜாவுக்கு உள்ளே எதுவோ உறுத்தியது. செருப்புக்குள் போன மணல் மாதிரி. என்னவென்று பார்க்க நேரமில்லை. அலி மாடிப்படியில் நின்று கையசைத்தான்.

மாடியில் ஆடி வெள்ளிக்காக வாடிக்கையாளர்களுக்கு இலவச மருதாணி. கூட்டத்தை இழுக்க முதல் ஆளாக சுந்தரவல்லி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் மடி மேல் மலர்த்தி வைத்திருந்தாள். முழங்கை வரை பச்சை ஈரம். மருதாணிப் பெண் இன்னும் விரல் நுனிகளில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாழியா உட்கார்ந்திருக்கேள்?" ஜலஜா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கடை திறந்ததிலேர்ந்து. முதுகே விட்டுப் போச்சு."

"ப்ரியாவோட டிசைன் இன்னிக்கு வந்தாச்சா?"

சுந்தரவல்லி அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஏற இறங்கப் பார்த்தாள். "மதினி அனுப்பிச்ச ஆளா நீங்க?"

ஜலஜா மருதாணியைப் பார்த்தாள்.

"சொல்லுங்க, தப்பில்ல. என் மேலதான சந்தேகம்? எனக்கு வயித்தெரிச்சல்தான். நான் பொறந்த கடை இது. நான் பாவாடை கட்டின நாள்லேர்ந்து இங்க நிக்கேன். யாரும் 'சுந்தரவல்லி டிசைன்'னு கேக்கல. அவ வந்து ரெண்டு வருசம் ஆகல, எல்லாரும் ப்ரியா ப்ரியாங்காங்க. இத நான் அவ மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கேன். தீபாவளிக்குச் சண்டையே போட்டோம்."

"புடவையை எங்கே வெச்சேள்?"

"கடை திறக்கதுக்கு முன்னாலேயே, முதல் இடத்துல. பிள்ளையாருக்குப் பக்கத்துல. எப்பவும் அங்கதான் வைப்பேன். முதல்ல வச்சும் விக்கலேன்னா என் மேல பழி வராதுல்லா?"

அலி போனைப் பார்த்துக்கொண்டே தூணில் சாய்ந்திருந்தான். "முதல் எடத்துலதான் கீது மேடம். நீலம். மயில் கழுத்து நீலம்."

மருதாணிப் பெண் அடுத்த விரலுக்குப் போனாள். கீழே முருகன் பாட்டு நின்று வேறொன்று தொடங்கியது. அலி பக்கத்தைப் புதுப்பித்தான். மறுபடி புதுப்பித்தான்.

"நவுந்துச்சு" என்றான் மெதுவாக. "பன்னெண்டுக்குப் போயி ஒக்காந்துக்கீது."

மறுபடி புதுப்பித்தான்.

"இப்ப காணோம்."

அவள் போன் அடித்தது. சுஹாஸ். "மாமி! முதல்ல பன்னிரண்டு. அப்புறம் நேரே பதினஞ்சு. குழிக்குள்ளயே போட்டுட்டா. சுந்தரவல்லி லாகின்!"

அலிக்கும் அது கேட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இரண்டு அடி முன்னால் வந்தான். "அக்கா, ஒங்கள கையும் களவுமா..."

அவள் கைகளைப் பார்த்தான். ஈரப் பச்சை. விரல் நுனி முதல் முழங்கை வரை ஒரு கோடுகூடக் கலையவில்லை. அலியின் நெஞ்சு பழைய அளவுக்கு வந்தது.

"மேடம், இவங்க மூக்கு அரிச்சாலே சொறியறதுக்கு ஆளு வெக்கணும்."

"என்னவாம்?" என்றாள் சுந்தரவல்லி.

"உங்க லாகின் வேற எங்கே திறந்திருக்கு?" ஜலஜா கேட்டாள்.

"கீழ, கல்லாவில இருக்க டேப்ல. எப்பவும் திறந்துதான் கிடக்கும். அப்பா பாட்டு கேப்பாங்க."

"அப்பாவுக்கு இந்த அடுக்கற வேலை தெரியுமா?"

"அப்பாவுக்கா?" சுந்தரவல்லி சிரித்தாள். "குட் மார்னிங் படம் அனுப்பவே என்னையக் கூப்பிடுவாங்க."

ஜலஜா மாடிப்படியின் உச்சியில் போய் நின்றாள். மேலேயிருந்து கல்லா தெரிந்தது. சுற்றிலும் பில் போடும் பெண்கள், பை கொடுக்கும் ஆட்கள், வாடிக்கையாளர்கள். டேப் எல்லோருக்கும் எட்டும் தூரத்தில் நின்றது. ப்ரியாவின் கணவன் ராம்குமார் சரக்கு எடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தான். அவனை விட்டுவிடலாம். மீதிப் பேரில் யார்?

எந்த வாரம் புடவை குழியில் விழவில்லையோ, அந்த வாரத்தைக் கேட்க வேண்டும்.

ப்ரியாவை அழைத்தாள். அடையாறு கட்டடத்தில் டைல்ஸ் அறுக்கும் சத்தத்துக்கு நடுவே ப்ரியா கத்தினாள். "ஆனியிலயா? ஆஸ்பத்திரின்னு சொன்னேனே மேடம். மாமாவுக்குக் கண் ஆபரேஷன். புரை எடுத்தாங்க. ஒரு வாரம் டிவி, போன் எதையும் பார்க்கக் கூடாதுன்னுட்டாங்க. பகல்ல சுந்தரவல்லிதான் கூட இருந்தா. அங்கேருந்தே வெப்சைட் வேலையும் பார்த்தா."

"நீங்க உடனே கடைக்கு வாங்கோ."

போனை மூடினாள். அலி பக்கத்தில் வந்து நின்றான்.

"இப்பப் புரியறதா?" என்றாள். "சுந்தரவல்லிக்குக் கை இல்லாத நேரத்துல புடவை நகர்றது. அவருக்குக் கண் இல்லாத வாரத்துல நகரலை."

அலி கீழே பார்த்தான். கணேசமூர்த்தி யாருக்கோ கை கூப்பிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெருசா? மருமவ மருமவன்னு உருகுறாரே மேடம்!"

அந்த மணல் இப்போது எங்கே உறுத்தியது என்று அவளுக்குத் தெரிந்தது. அவ இல்லேன்னா நாங்க இல்ல. அந்தக் குரலை அவள் தினம் கேட்கிறாள். தன் வாயிலிருந்தே கேட்கிறாள்.

சுந்தரவல்லியின் எரிச்சல் தெருவில் நிற்கும் எரிச்சல். சண்டை போடும், கத்தும், போய்ப் படுத்துத் தூங்கும். இது வேறு. இது ஆளை வேலையை விட்டு எடுக்காது. திட்டாது. எல்லோர் முன்னாலும் மாலை போடும். தேடி வருகிறவர்களிடம் மட்டும், இல்லை, வெளியில் போயிருக்கிறார் என்று சொல்லும்.

"அலி."

"மேடம்?"

"நேத்து காலையில வந்த போன் ராங் நம்பர் இல்லை. உன்னைத்தான் கேட்டா."

அலி ஒரு கணம் விழித்தான். பிறகு சிரித்தான். "தெரியும் மேடம். அது என் பொண்டாட்டி. நான் எடுக்கலன்னு ஆபீஸ் நம்பர்ல அடிச்சு, வெளியாளு மாதிரி சார் போட்டுக் கேட்டுக்கீறா. நானே இல்லன்னு சொல்லச் சொல்லியிருப்பேன்."

அவன் அதையும் ஒரு நல்ல வேடிக்கையாக்கிவிட்டான். ஜலஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சுஹாஸுக்குப் போன் பண்ணு. குழியை மூடச் சொல்லு. நீலத்தை முதல் இடத்துல வெச்சு, யாரும் நகர்த்த முடியாதபடி பூட்டச் சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.

*

கல்லாவுக்குப் பின்னால் சின்ன அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, மடித்த புடவைகளின் வாசனை. கணேசமூர்த்தி டேபையும் கையோடு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பாட்டை நிறுத்தினார். ஜலஜா சொன்னதை முழுக்கக் கேட்டார். நடுவில் ஒரு தரம்கூட மறுக்கவில்லை.

"எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு, அந்தக் குழி?"

"முத நாளே." கண்ணாடியைக் கழற்றினார். "அலமாரித் தட்டு ஒவ்வொண்ணா பாக்குற மாதிரி பாத்தேம்மா. எனக்கு அப்பிடித்தான் பாக்கத் தெரியும். பிள்ளையாரக் கும்பிட்டுட்டு ஒரு சேலை விடாமப் பாத்தேன். ஆரணியில நானே பாத்து எடுத்த அரக்குச் சேலை. அதக் காணோம்."

"பையன்கிட்ட சொல்லலையே."

"சொல்லத்தான் போனேன். போன எடுத்துட்டேன். அப்ப ஒரு அம்மா கடைக்குள்ள வந்தாங்க. எங்க கல்யாணத்துக்கே நீங்கதான சேலை எடுத்துக் குடுத்தீங்கன்னு சொல்லுவாங்களே, அந்த மாதிரி பழைய ஆளு. நான் எந்திச்சுக் கை கூப்புதேன். என்னையத் தாண்டிப் போயி, 'உங்க மருமவ இருக்காளா? அவ எடுத்துக் குடுத்தா நல்லாருக்கும்'னு கேட்டாங்க."

கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்தார். நிறைய நேரம் துடைத்தார்.

"போன வச்சுட்டேன்."

"சுந்தரவல்லி பண்றதைப் பார்த்துக் கத்துண்டேளா?"

"பக்கத்துலதான உக்காந்திருக்கேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எல்லாரும் நெனைக்கது ஒரு வசதி."

"உங்க பேர்ல பழி வராது. மகள் பேர்ல வரும்."

அவர் கண்ணாடியை மேஜை மேல் வைத்தார். கழுத்து கொஞ்சம் இறங்கியது.

கதவில் நிழல் விழுந்தது. ஷண்முகப்ரியா நின்றாள். கையில் சிமென்ட் தூசி. எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. போதுமான அளவு கேட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அலி, எப்போதும் இல்லாதபடி வாயை மூடிக்கொண்டு.

"ஒவ்வொண்ணையும் உங்ககிட்ட காட்டிட்டுத்தானே மாமா தறிக்கு அனுப்பினேன்" என்றாள் ப்ரியா. "பார்டர் காட்டினேன். முந்தானை காட்டினேன். நல்லாருக்கு தாயின்னீங்களே."

"ஆமா."

"நல்லா இல்லேன்னா சொல்லியிருக்கலாமே."

கணேசமூர்த்தி நிமிர்ந்தார். இவ்வளவு நேரத்தில் இப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"நல்லா இருந்துச்சு. அதான்."

ப்ரியா உள்ளே வந்தாள். எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். தலைப்பால் கைத்தூசியைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். ஜலஜா எழுந்து சுவரோரமாக நின்றுகொண்டாள். வெளியே யாரோ பாவாடைத் துணிக்கு விலை கேட்டார்கள்.

"எனக்கு என் மேலேயே நம்பிக்கை போயிருச்சு மாமா. இன்னையோட விட்டுரலாம்னு இருந்தேன்."

"தெரியும்."

"அதுக்குத்தானா?"

அவர் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்தார். அதிலிருந்து ஒன்றைப் பிரித்தார். கண்ணாடி இல்லாததால் வளையம் சட்டென்று திறக்கவில்லை. ப்ரியா உதவவில்லை. அவரே திறந்தார். புதுச் சாவி, எண்ணெய்ப் பிசுக்குப் போகாதது. அதை மேஜை மேல் வைத்து அவள் பக்கம் தள்ளினார்.

"அடையாறு."

"எட்டும் விக்கணும்னு சொன்னீங்க. இன்னும் விக்கல."

"வித்துரும்."

அப்போது டேபில் ஒரு மணி அடித்தது. சின்ன மணி, பூஜை மணியின் அளவுதான். யாரோ நீலத்தை வாங்கியிருந்தார்கள். எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அது இன்னொரு தரம் அடித்தது.

ப்ரியா சாவியை எடுத்துக்கொண்டாள். எழுந்தாள். ஜலஜாவைத் தாண்டி அலியைப் பார்த்து, "ரொம்ப நன்றி அலி சார்" என்றாள். ஜலஜாவுக்குச் சுருக்கென்றது. தைத்த இடத்தைத் தடவிக்கொள்ளாமல் நின்றாள்.

மணி மறுபடி அடித்தது. அடுத்தது அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது.

கணேசமூர்த்தி கண்ணாடியை மாட்டவில்லை. கைகளை மேஜை மேல் வைத்து, தலையைக் குனிந்துகொண்டார்.

"தாயி. அந்தச் சத்தத்தக் கொஞ்சம் கொறச்சு வச்சுட்டுப் போ."

ப்ரியா வாசலில் நின்றாள். திரும்பினாள். குரல் உயரவில்லை.

"வேண்டாம் மாமா. கேளுங்க."

போய்விட்டாள். மணி அடித்தது. அவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.